டாலெக் செய்ய ஆசைப்படுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் பிபிசி 1963இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் டாக்டர் ஹூ. அதில் வரும் டாலெக்கை அளவு பிசகாமல் வீட்டிலேயே செய்து பார்ப்பது பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும் பொழுதுபோக்கு. புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்துவிட்டேன்.

டாலெக்னா என்ன? அது ரோபோதானே?

கதைப்படி ரோபோ இல்லை. கவசத்துக்குள்ளே உயிருள்ள ஒரு ஜந்து உட்கார்ந்து ஓட்டுகிறது. ரோபோ என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் ரசிகர்கள் உண்டு, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்கிற நமக்கு வித்தியாசம் பெரிதில்லை: உள்ளே ஓர் ஆள் உட்காரும் கூடு, சுழலும் தலை, ஒற்றைக் கண், இரண்டு கைகள், கீழே சக்கரம்.

கதையை எழுதியவர் டெர்ரி நேஷன். உருவத்தைக் கொடுத்தவர் பிபிசியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த வடிவமைப்பாளர் ரேமண்ட் க்யூசிக். நாற்காலியில் உட்கார்ந்த மனிதனைச் சுற்றி ஒரு கூடு வரைந்தார். அதுதான் ஆரம்பம். அந்த வேலை முதலில், பின்னாளில் ஹாலிவுட் இயக்குநரான ரிட்லி ஸ்காட் கைக்குப் போக இருந்தது, தேதி ஒத்துவராமல் க்யூசிக்கிடம் வந்தது. மிளகுத்தூள் டப்பாவைப் பார்த்து வரைந்தார் என்பது திரிந்துபோன கதை. எப்படி நகர வேண்டும் என்று விளக்கத்தான் மேஜையில் இருந்த டப்பாவை நகர்த்திக் காட்டினார்.

அச்சு அசலா செய்யணும். ஒரிஜினல் அளவு என்ன?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்விதான் தர முடியும்: எந்தக் கதையில் வருகிற, எந்த டாலெக்?

1963இன் முதல் கதைக்காக அக்ஸ்பிரிட்ஜில் இருந்த ஷாக்ராஃப்ட் என்ற பட்டறை 4 டாலெக்குகளைச் செய்தது. அடுத்தடுத்த கதைகளுக்குப் புதிது சேர்ந்தது, பழையது திருத்தப்பட்டது. ஒன்றின் தலை இன்னொன்றின் உடம்புக்குப் போனது. 1964இல் வந்த பூமிப் படையெடுப்புக் கதையில் தெருவில் ஓட்ட வேண்டியிருந்ததால், பெரிய சக்கரங்களை மறைக்க அடிப்பாகத்தை உயர்த்தினார்கள். முதுகில் ஒரு தட்டும் வந்தது. 1965இல் தட்டு போய், தோளைச் சுற்றிச் செங்குத்துப் பட்டைகள் வந்தன. நாம் இன்று டாலெக் என்றதும் நினைக்கும் உருவம் அந்தப் பட்டை வைத்ததுதான். ஆக, 1963 டாலெக்கில் பட்டை வைத்தால் தப்பு, 1965இல் வைக்காவிட்டால் தப்பு. கதையையும் ஆண்டையும் முடிவு செய்யாமல் அளவு நாடாவை எடுக்காதீர்கள்.

சரி, முதல் தடவை செய்றவங்க எதை எடுக்கலாம்?

1970களில் டாம் பேக்கர், டாக்டர் என்ற நாயகனாக நடித்த காலத்து ஜெனிசிஸ் கதை டாலெக். 1975இல் வந்தது, கலரில் படமானது, எபிசோடுகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. இரும்புச் சாம்பல் நிறமும் கறுப்பு உருண்டைகளும்தான் மொத்த வண்ணமே. தெளிவான படங்கள் நிறையக் கிடைக்கின்றன.

1963இன் முதல் டாலெக்தான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால் அதையே செய்யுங்கள். பட்டை இல்லாததால் ஒரு வேலை மிச்சம், ஆனால் ஆராய்ச்சி இரண்டு மடங்கு.

'கூன்'னு சொல்றாங்களே, அது என்ன வகை?

1973இல் பிளானட் ஆஃப் தி டாலெக்ஸ் கதைக்கு ஒரு படையே தேவைப்பட்டது. கையில் இருந்த பழைய டாலெக்குகள் போதவில்லை. 7 டம்மிகளைச் செய்து பின்னணியில் நிறுத்தினார்கள். அவற்றைத்தான் கூன் (ஆங்கிலத்தில் goon, முதுகுக் கூன் இல்லை) என்கிறோம். அவசரத்தில் செய்தவை, தோள், அடிப்பாகம் எல்லாம் பழையவற்றிலிருந்து சற்றே மாறுபடும். சிக்கல் அதோடு முடியவில்லை. பின்னால் வந்த கதைகளில் கூன் பாகங்களும் 60களின் பாகங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் சிபாரிசு செய்த ஜெனிசிஸ் கதையிலும் இந்தக் கலப்பு இருக்கிறது. அங்கேகூட எந்த டாலெக் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரெடிமேட் பிளான் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. தொடரின் 10ஆம் ஆண்டு நிறைவுக்கு ரேடியோ டைம்ஸ் இதழ் 1973இல் போட்ட சிறப்பு மலரிலேயே டாலெக் செய்யும் வரைபடம் வந்தது. பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பையன்களுக்கு முதல் டாலெக் அதிலிருந்துதான். ஆனால் அது வீட்டில் சுலபமாகச் செய்வதற்காக எளிமைப்படுத்தியது. அதை வைத்துச் செய்தால் தூரத்திலிருந்து டாலெக், பக்கத்தில் வந்தால் டாலெக்கின் ஒன்றுவிட்ட சகோதரன்.

ஆர்வலர்கள் பின்னர் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே வரைந்த பிளான்கள் அதைவிட எவ்வளவோ மேல். எந்தப் பிளானை எடுத்தாலும், எதை அளந்து வரைந்தார்கள் என்று விசாரியுங்கள். மிஞ்சியிருக்கும் அசல் பொருளை அளந்ததா, அதிலிருந்து எடுத்த மோல்டை அளந்ததா, வெறும் போட்டோவிலிருந்து கணக்குப் போட்டதா? மூன்றும் ஒன்றல்ல. 1963இல் செய்த ஒன்று இன்று கையில் கிடைத்தாலும் நடுவே பலமுறை திருத்தியிருப்பார்கள், அதனால் அளவு நாடா காட்டுவது 1963இன் அளவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

போட்டோவை வச்சு எப்படி அளவு எடுக்கறது?

தெரிந்த ஓர் அளவிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோர் பிடித்துக்கொள்வது ஸ்கர்ட் எனப்படும் கீழ்ப்பாகத்தில் இருக்கும் அரை உருண்டைகளை. விட்டம் ஏறத்தாழ 4 அங்குலம். படத்தில் ஓர் உருண்டை 80 பிக்சல் அகலம் இருந்தால் 1 அங்குலத்துக்கு 20 பிக்சல் என்று கணக்கு ஓடும்.

கணக்கு ஓடுவது அந்த உருண்டை இருக்கும் ஆழத்தில் மட்டும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்கர்ட் கீழே விரிந்து கேமராவை நோக்கி வருகிறது, தோள் பின்னால் இருக்கிறது. கேமரா கிட்டே இருந்தால் ஸ்கர்ட் பெருத்தும் தோள் சிறுத்தும் தெரியும். அதே பிக்சல் கணக்கைத் தோளுக்குப் போட்டால் தோள் சூம்பிவிடும். தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுத்த படம், அதிலும் நேர் பக்கவாட்டில் எடுத்தது, தங்கம் மாதிரி. அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற பத்துப் படங்களை அதோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒவ்வொரு டாலெக்குக்கும் மச்சம் போல ஒரு குறை இருக்கும்: கோணலாக ஒட்டிய உருண்டை, இடைவெளி பிசகிய பட்டை, ஒழுகிக் காய்ந்த பெயிண்ட். அதைக் குறித்துவைத்துக்கொண்டால், வேறொரு படத்தில் வருவது அதே டாலெக்தானா என்று பிடித்துவிடலாம். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஒரு கீறலைத் துரத்திக்கொண்டு மூன்று கதைகள் கடந்துபோவதில் துப்பறியும் நாவல் படிக்கிற சுகம் உண்டு.

எபிசோடே காணாமப் போயிடுச்சுன்னா?

60களின் எபிசோடுகளில் 90க்கும் மேற்பட்டவை பிபிசியின் காப்பகத்தில் இல்லை. நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள், பிலிம் பிரதிகளைத் தூக்கிப் போட்டார்கள். 1966இன் பவர் ஆஃப் தி டாலெக்ஸ் 6 எபிசோடுகளும் போய்விட்டன. பேட்ரிக் ட்ரௌட்டன் டாக்டராக வந்த முதல் கதை அது.

நம்மைக் காப்பாற்றியவர் ஜான் குரா. தொலைக்காட்சித் திரையைப் படம் பிடித்து விற்பதையே தொழிலாக வைத்திருந்தார். ஒளிபரப்பு ஓடும்போதே சொடுக்கிய அந்த டெலிஸ்னாப் படங்கள் காணாமல்போன பல கதைகளுக்கு இருக்கின்றன, பவர் ஆஃப் தி டாலெக்ஸ் உட்பட. ஆனால் அளவெடுக்க அவை உதவாது. அந்தக் காலத்து டிவித் திரை வளைந்தது, ஓரங்களில் உருவம் இழுபடும். எது இருந்தது, எது இல்லை என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த ஸ்டில் போட்டோக்களைத் தேடுங்கள்.

அந்தக் கதையில் கூட்டமாக நிற்கும் டாலெக்குகளை எண்ணிவிட்டு, இத்தனை செய்தார்களா என்று அசந்துபோகாதீர்கள். ஆள் சைஸ் போட்டோக்களை வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துல கலர் எப்படித் தெரியும்?

படத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. 1963 டாலெக் திரையில் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிந்தாலும், நேரில் வெள்ளி உடம்பும் நீல உருண்டைகளும். அந்தக் காலத்தில் எடுத்த கலர் ஸ்டில்களிலிருந்து இது தெரிகிறது.

கலர் ஸ்டில் இருந்தாலும் முழுசாக நம்ப வேண்டாம். பழைய பிலிமில் சாயம் வெளிறும், ஸ்டுடியோ விளக்கு மஞ்சளடிக்கும், ஸ்கேன் செய்தவர் தன் ரசனைக்கு நிறத்தைக் கூட்டியிருப்பார். ஒரே படத்தில் இருக்கும் மனிதத் தோல், வெள்ளைச் சட்டை இவற்றோடு ஒப்பிட்டுத்தான் ஊகிக்க முடியும். பெயிண்ட் கடைக்குப் போய் மொபைல் திரையைக் காட்டி இதே நிறம் வேண்டும் என்று கேட்பது எந்த வகையிலும் வேலைக்காகாது. சின்னப் பலகைகளில் நாலைந்து கலவை அடித்து, வெயிலிலும் விளக்கிலும் பாருங்கள்.

எதுல செய்யறது நல்லது? ப்ளைவுட்டா, ஃபைபரா, த்ரீடி பிரிண்டா?

பாகத்தைப் பொறுத்தது. ஸ்கர்ட் தட்டையான பலகைகளால் ஆனது, அதற்கு ப்ளைவுட் போதும். மேலும் கீழும் இரண்டு தட்டு வெட்டி, நடுவே சட்டம் நிறுத்தி, மெல்லிய பலகையால் மூட வேண்டும். கஷ்டம் விளிம்பில்தான். பலகைகள் சாய்ந்து சந்திப்பதால் ஒவ்வோர் ஓரத்தையும் சரியான கோணத்தில் சீவ வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தால் பலகை மிச்சமாகும்.

தோளும் தலையும் வளைவு. அவற்றுக்கு ஃபைபர்கிளாஸ்தான் இன்னமும் ராஜா: ஒரு மூல வடிவம் செய்து, மெழுகு பூசி, மோல்டு எடுத்து, அதற்குள் ஜெல்கோட் என்ற மேல்பூச்சும், மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பும், ரெசின் என்ற பிசினும். ரெசின் வாடை சாதாரணமில்லை, காய்ந்தபின் தேய்க்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சரியான மாஸ்க் இல்லாமல், மூடிய அறையில் செய்யவே கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

த்ரீடி பிரிண்டர் கண்ணுக்கும் கைகளின் மூட்டுக்கும் அருமை. தலையைத் துண்டு துண்டாகப் பிரிண்ட் செய்து ஒட்டுகிறவர்களும் உண்டு. பிறகு பட்டி பார்த்துத் தேய்த்துத் தேய்த்து, ஃபைபரிலேயே செய்திருக்கலாமோ என்று புலம்புகிறவர்களும் அவர்கள்தான்.

உருண்டை மொத்தம் எத்தனை? எங்கே கிடைக்கும்?

வழக்கமான டாலெக்குக்கு 56, நான்கு வரிசையாக. கைவினைக் கடைகளில் இரண்டாகப் பிரியும் பிளாஸ்டிக் பந்து 100 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. 4 அங்குலம் என்றால் 101.6. அந்த 1.6 மில்லிமீட்டரைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், கண்டுபிடிப்பேன் என்பவரைக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். பொறுமை இருந்தால் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை, காற்றை உறிஞ்சி அச்சில் படியவைக்கும் வேக்கம் ஃபார்மிங்கில் இழுத்து நீங்களே எடுக்கலாம்.

உருண்டையைவிட முக்கியம் இடைவெளி. அரை அங்குலம் தள்ளி ஒட்டினால் மொத்த உருவமும் அந்நியமாகிவிடும்.

கையில இருக்கறது நிஜமாவே பாத்ரூம் அடைப்பு எடுக்கற ப்ளஞ்சரா?

நிஜமாகவே. 1963 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பான எபிசோடின் கடைசிக் காட்சியில், டாக்டரோடு வரும் பார்பராவை நோக்கி ஒரு கை மட்டும் நீளும். டாலெக் என்று மக்கள் முதன்முதலில் கண்டது அந்த ப்ளஞ்சரைத்தான். முழு உருவம் அடுத்த வாரம்தான் வந்தது. கடையில் வாங்கும்போது கிண்ணத்தின் வடிவத்தைப் பாருங்கள், இப்போது வருபவற்றில் பல, விளிம்பில் மடிப்பு வைத்தவை. சாதாரண அரைக்கிண்ணம்தான் வேண்டும்.

உள்ளே உட்கார்ந்து ஓட்ட முடியுமா? மோட்டார் போடலாமா?

முடியும், ஒரிஜினலும் அப்படித்தான். ஆபரேட்டர் குட்டைப் பலகையில் உட்கார்ந்து கால்களால் தள்ளிக்கொண்டு போவார். கழுத்து வளையங்களுக்குப் பின்னால் இருக்கும் வலை வழியாகத்தான் வெளியே பார்ப்பார். தலையைத் திருப்ப வேண்டும், கண்ணை ஏற்றி இறக்க வேண்டும், துப்பாக்கியையும் ப்ளஞ்சரையும் ஆட்ட வேண்டும், பேசும்போது தலை விளக்கை எரியவிட வேண்டும். இரண்டே கை. ஜான் ஸ்காட் மார்ட்டின் என்ற நடிகர் 1965 தொடங்கி 1988 வரை இந்த வேலையைச் செய்தார்.

மோட்டார் வேண்டும் என்றால் பழைய மின் சக்கர நாற்காலியின் அடிப்பகுதியைப் பயன்படுத்துகிறார்கள். பேட்டரி கீழே இருப்பதால் கவிழாது. ஆனால் நெஞ்சளவு கூட்டுக்குள் காற்றோட்டம் சுத்தமாக இல்லை. ஒரு சின்ன விசிறி வையுங்கள், உள்ளிருந்தே திறக்கும் வழியும் வையுங்கள். இந்த இரண்டுக்காக அளவு கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை.

குரல் எப்படி வருது?

ரிங் மாடுலேட்டர். பேச்சொலியை ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கினால் மூல அதிர்வெண்கள் மறைந்து, அவற்றின் கூட்டலும் கழித்தலும் மட்டும் மிஞ்சும். அந்த நடுங்கும் கரகரப்பு அதுதான். பிபிசியின் ஒலி விளைவுப் பிரிவான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. இன்று இலவச மென்பொருளே செய்துவிடும். பாதி வேலை வாயில்தான் இருக்கிறது: ஒவ்வோர் அசையையும் வெட்டி, போகப்போகக் குரலை உயர்த்த வேண்டும். பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரஹாமும் முதல் கதையில் பேசியதைக் கேளுங்கள்.

அவர்கள் பேசியது டாலெக்குக்குள் இருந்து இல்லை, தளத்தின் ஓரத்தில் மைக் முன்னால் நின்று. ஆகவே உள்ளே ஸ்பீக்கர் வைத்த டாலெக் அந்த அளவில் அசலிலிருந்து விலகியதுதான். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் வைப்பேன். கண்காட்சியில் பேசாத டாலெக்கைப் பிள்ளைகள் மன்னிப்பதில்லை.

சினிமாவுல வந்த டாலெக் வேறயா?

வேறு. 1965, 1966இல் பீட்டர் குஷிங் நடித்து இரண்டு படங்கள் வந்தன. திரை பெரிது, கலர் வேறு. அதனால் அடிப்பாகத்தையும் தலை விளக்குகளையும் பெரிதாக்கி, சிவப்பு, கறுப்பு என்று கண்ணைப் பறிக்க வண்ணம் அடித்தார்கள். சிலவற்றுக்கு ப்ளஞ்சருக்குப் பதில் இடுக்கி. துப்பாக்கியிலிருந்து தீயணைப்பான் புகை வந்தது. முதல் தொலைக்காட்சிக் கதையிலோ படத்தை நெகட்டிவ் ஆக்கிக் காட்டினார்களே தவிர, துப்பாக்கியிலிருந்து எதுவுமே வரவில்லை.

இவற்றைத் தனி இனமாக ஒதுக்கிவைக்கவும் முடியாது. 1965இன் தி சேஸ் என்ற தொலைக்காட்சிக் கதைக்குக் கூட்டம் சேர்க்க சினிமா டாலெக்குகளை இரவல் வாங்கினார்கள். மேலே கூன் பற்றிய பதிலில் சொன்ன 1973 கதையின் தலைமை டாலெக்கும் டெர்ரி நேஷனிடம் இருந்த சினிமா டாலெக்தான். அதன் கண் ஒரு டார்ச் லைட்.

2005க்கு அப்புறம் வந்த வெண்கல டாலெக் சுலபமா?

ஆராய்ச்சி சுலபம், வேலை கடினம். துல்லியமான படங்கள் ஏராளம். ஆனால் ஆணித் தலை, பட்டி, பள்ளம் என்று நுணுக்கம் கூடிப்போனது. உலோகப் பூச்சு கொஞ்சம் பிசகினாலும் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். 2010இல் ஐந்து நிறங்களில் வந்த பெரிய வகையைச் செய்கிறவர்கள் குறைவு.

நான் நல்லா வழவழப்பா செஞ்சிருக்கேன். இது தப்பாய்யா?

தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் அசல் அப்படி இல்லை. வாரக்கணக்கில் கிடைத்த நேரத்தில், குறைந்த பணத்தில், 405 கோடுகளில் மங்கலாகத் தெரிந்த அந்தக் காலத்து டிவிப் படத்துக்காகச் செய்தவை அவை. தூரிகைத் தடம் தெரியும், உருண்டைகள் வரிசை தப்பும். உங்களுக்கு இரண்டு வழி. க்யூசிக் மனசில் நினைத்த டாலெக்கைச் செய்யலாம், அது வழவழப்பாக இருக்கலாம். ஸ்டுடியோவில் நின்ற டாலெக்கைச் செய்யலாம், அதில் அந்தக் கோணல் உருண்டையும் வேண்டும். முதல் வழியில் போய்விட்டு இரண்டாவதின் பெயரைச் சொல்லாதவரை யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஒரே கதையில முதல் எபிசோடுல ஒரு மாதிரி, நாலாவதுல வேற மாதிரி இருக்கே. எதை நம்பறது?

இரண்டையும். நடுவே உடைந்திருக்கும், ஒட்டியிருப்பார்கள், அல்லது தலை மாறியிருக்கும். கதை போதாது, காட்சி வரைக்கும் இறங்க வேண்டியிருக்கிறது. ஒளிபரப்பு வரிசையும் படப்பிடிப்பு வரிசையும் வேறாக இருக்கலாம் என்பதால், வெளிப்புறக் காட்சிகளை ஸ்டுடியோக் காட்சிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளிப்புறம் பெரும்பாலும் முன்னதாகவே எடுக்கப்பட்டது. நான் ஒரு ஸ்டில் போட்டோவைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, சந்தேகம் வரும்போதெல்லாம் அது சொல்வதையே கேட்கிறேன்.

செஞ்சு விக்கலாமா? வாடகைக்கு விடலாமா?

டாலெக்கின் உரிமை பிபிசிக்கும் டெர்ரி நேஷனின் வாரிசுகளுக்கும் இடையில் பங்காக இருக்கிறது. சொந்த ஆசைக்குச் செய்து வைத்துக்கொள்பவரை யாரும் பொதுவாகத் தொந்தரவு செய்வதில்லை. காசு வாங்க ஆரம்பித்தால் அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள். க்யூசிக்குக்கு உரிமத் தொகையில் பங்கு கிடையாது, ஊழியர் என்பதால் சின்னதாக ஒரு சன்மானத் தொகை கொடுத்தார்கள். எனக்கு இது இன்னமும் ஆறாத விஷயம்.

மாடிப்படி ஏறுமா?

கதையில் ஏறும். 1988இன் ரிமெம்பரன்ஸ் கதையில் மிதந்துகொண்டே படியேறி, அதுவரை கேலி பேசியவர்களின் வாயை அடைத்தது. நீங்கள் செய்வது ஏறாது. தலையும் கழுத்தும் ஒன்று, தோள் ஒன்று, ஸ்கர்ட் ஒன்று என்று மூன்றாகக் கழற்றும்படி போல்ட் போட்டுச் செய்யுங்கள். ஸ்கர்ட் வெட்டும் முன்பே உங்கள் வீட்டு வாசல் நிலையின் அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து எழுதி வையுங்கள். மொட்டைமாடியில் செய்து முடித்து, கீழே இறக்க முடியாமல் நிற்கும் டாலெக்குகள் உண்டு.